வீல் மருந்தும் நம் பையன்களின் விரல்களும்

போன மாதம் ஒரு கல்லூரி விடுதியில் மாணவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, "அடுத்து எதப் பத்தி எழுதப் போறீங்க தோழர்?" என்று ஒருவர் கேட்டார். கார் வீல் கழுவுகிற ஆசிட்டைப் பற்றி என்றேன். சிரித்துவிட்டார்கள். ஆணவக் கொலை, பஞ்சமி நிலம், உதவித்தொகை என்று தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது இவர் கார் கழுவக் கிளம்பிவிட்டாரே என்ற சிரிப்பு. பத்து நிமிடம் போன பிறகு விசாரித்தால், அறையில் இருந்த பதினான்கு பேரில் ஐந்து பேர் லீவு நாட்களில் வாட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தவர்கள். ஒருவர் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறார். அந்த ஐந்து பேரும் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நானும் அந்த வேலை செய்தவன்தான். திண்டிவனம் பைபாஸ் ஓரம் ஒரு கடை. பி.ஏ. இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் சனி, ஞாயிறு முழுக்க அங்கேதான். ஒரு சிமென்ட் ராம்ப், ஒரு பிரஷர் பம்ப், நீல நிறத் தண்ணீர்த் தொட்டி, ஒரு மூட்டை பனியன் வேஸ்ட். கழுவுகிறவர்கள் நான்கு பேர். அதில் மூன்று பேர் காலனிக்காரர்கள், நான்காமவர் பீகாரிலிருந்து வந்தவர். அவர் என்ன சாதி என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கல்லாவில் உட்காருபவர் ஓனரின் மச்சான். டோக்கன் போடுபவர் ஓனரின் தம்பி மகன். நனைகிற வேலை எல்லாம் ஒரு பக்கம், நனையாத வேலை எல்லாம் இன்னொரு பக்கம். தமிழ்நாடு முழுக்க இப்படித்தான் என்று சொல்ல நான் கணக்கெடுப்பு எதுவும் நடத்தவில்லை. நான் பார்த்த கடைகளில் இப்படித்தான்.

அப்போது எங்களிடம் இருந்தது ஷாம்பு, டீசல், மண்ணெண்ணெய், டயருக்குப் போடும் பாலிஷ், அவ்வளவுதான். கார்களில் பெரும்பாலும் இரும்பு ரிம், அதன் மேல் பிளாஸ்டிக் வீல் கேப். ஒரு துணியால் துடைத்தால் முடிந்தது. இந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அலாய் வீல் பெருகிவிட்டது. அதோடு சேர்ந்து ஒரு வெள்ளை நிற 5 லிட்டர் கேனும் கடைக்குள் வந்தது. பையன்கள் அதை 'வீல் மருந்து' என்கிறார்கள். நம் மொழியில் இது ஒரு விசித்திரம். வயலில் அடிக்கிற விஷமும் மருந்துதான், எலிக்கு வைப்பதும் மருந்துதான், வீலில் அடிப்பதும் மருந்துதான்.

அந்த மருந்து எதற்கு? காரின் முன் வீல்களைக் கவனித்தால் பின் வீல்களைவிடக் கூடுதலாகப் பழுப்பேறி இருக்கும். பிரேக் பிடிக்கும்போது பேடும் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் உரசித் தேய்கின்றன. அந்தத் தூளில் இரும்புத் துகள்கள் நிறைய இருக்கும். சூடாகப் பறந்து வந்து வீலின் மேல் ஒட்டி, பிறகு ஈரம் பட்டுத் துருப்பிடித்து, உள்ளே கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். வாரா வாரம் சோப்புத் தண்ணீர் போட்டு மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்கிற வண்டியில் இது சேராது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்கு ஒரு முறை என்று வருகிற வண்டியில் சேர்ந்து பாறையாகிவிடும். அதைக் கையால் எடுக்க ஒரு வீலுக்குக் கால் மணி நேரம் ஆகும். மருந்து அடித்தால் இரண்டு நிமிடம். வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்கும்போது ஓனருக்கு இந்த இரண்டு நிமிடம் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மிச்சத்தின் விலையைக் கொடுப்பது வேறு ஆள்.

எல்லா வீல் மருந்தும் ஒன்றல்ல. சிலவற்றில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம். சிலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதாவது நம் வீட்டுக் கக்கூஸ் ஆசிட்டின் பங்காளி. சிலவற்றில் காஸ்டிக் சோடா. மிக மோசமானவற்றில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம், அல்லது அமோனியம் பைஃப்ளூரைடு. இந்த இரண்டாவது பெயரைப் பார்த்து 'இது ஏதோ உப்பு' என்று ஏமாறக் கூடாது. தண்ணீரில் கரைந்ததும் அது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தைத் தரும். கண்ணாடியையே கரைத்துப் பூ வேலை செய்யப் பயன்படுகிற அமிலம் அது. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும், அதையும் கரைக்கும். அதனால்தான் அடித்த உடனே வீல் பளிச்சென்று வெளுக்கிறது. அழுக்கு மட்டும் போய்விட்டது என்று நினைக்கிறோம். அழுக்கோடு சேர்த்து வீலின் தோலும் போகிறது.

என் சித்தி மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு நகரத்துக் கார் வாஷ் கடையில் சேர்ந்தான். நான் வேலை பார்த்தது போன்ற பைபாஸ் கடை அல்ல. ஃபோம் அடிக்கிற மெஷின், கண்ணாடி வைத்த கஸ்டமர் அறை, ஏசி எல்லாம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆயுத பூஜைக்கு முந்தின நாள். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தது இரவு பத்து வரை ஓயவில்லை. அவனுக்குக் கொடுத்த வேலை வீல் மட்டும். ஒரு பெயின்ட் டப்பாவில் மருந்து ஊற்றித் தண்ணீர் கலந்து, பழைய பிரஷ்ஷை முக்கி ஒவ்வொரு வீலாகத் தடவ வேண்டும். ஒரு மூடி மருந்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேனில் எழுதியிருந்தது. ஆனால் அவசரத்தில் யார் மூடியால் அளந்தார்கள்? "கெட்டியா இருந்தாத்தான்டா சீக்கிரம் போகும்" என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார். கையுறை இருந்தது. மருத்துவமனையில் ஊசி போடும்போது மாட்டுவார்களே, அந்த மெல்லிய ரப்பர் உறை. மதியத்துக்குள் விரல் நுனியில் கிழிந்துவிட்டது. கிழிந்த உறைக்குள் போன மருந்து வெளியே வர வழியில்லாமல் விரலோடு விரலாக மாலை வரை இருந்தது. இந்த விஷயத்தில் ஓட்டை உறை, வெறுங்கையைவிட மோசம்.

வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கை கழுவினான், சோறு சாப்பிட்டான், படுத்தான். இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு அழுதான். வலது கையில் மூன்று விரல் நுனிகள். வெளியே கொப்புளமும் இல்லை, சிவப்பும் பெரிதாக இல்லை. நகத்துக்கு அடியில் யாரோ சுத்தியலால் அடிப்பது போல இருக்கிறது என்றான். சித்தி அதை நகச்சுத்தி என்று நினைத்து, எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் சொருகிவிட்டார். எந்த வீட்டிலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இங்கே நின்று இந்த அமிலத்தின் சூழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். கக்கூஸ் ஆசிட் கையில் பட்டால் உடனே எரியும். எரிவதால் ஓடிப் போய்க் கழுவுவோம். எரிச்சலே நம்மைக் காப்பாற்றுகிறது. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் அப்படியல்ல. வேதியியல் பாடத்தில் அதை 'வலு குறைந்த அமிலம்' என்றுதான் படித்திருப்பீர்கள். அந்தக் குறைவுதான் ஆபத்து. அதன் மூலக்கூறு பெரும்பாலும் பிரியாமல் முழுசாக இருப்பதால் தோலைத் தாண்டிச் சத்தமில்லாமல் உள்ளே போகும். போன பிறகு ஃப்ளூரைடு தனியாகப் பிரிந்து, சதையிலும் எலும்பிலும் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து இறுக்கிக்கொள்ளும். கடைகளில் இருக்கும் 20 சதவீதத்துக்குக் குறைவான கலவையாக இருந்தால் வலி தெரியவே 24 மணி நேரம் வரை ஆகலாம். வலி வரும்போது வேலை பாதி முடிந்திருக்கும். அடர்த்தியான அமிலம் இரண்டு, மூன்று உள்ளங்கை அளவு தோலில் பட்டாலே ரத்தத்தில் கால்சியம் இறங்கி, இதயத்துடிப்பு தாறுமாறாகி ஆள் சாகலாம். விரல் நுனியில் பட்டதற்கு மாரடைப்பா என்று கேட்காதீர்கள். உடம்புக்குள் கால்சியம்தான் இதயத்தின் தாளத்தையும் பார்த்துக்கொள்கிறது.

விடிந்ததும் மருத்துவமனைக்குப் போனோம். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். முதலில் பார்த்தவர் விரலைத் திருப்பிப் பார்த்தார், ஒரு டி.டி. ஊசி, வலி மாத்திரை எழுதினார். "என்ன வேல பாக்குற?" என்று அவர் கேட்கவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பூஜை விடுமுறை நாள், வெளியே நூறு பேர் வரிசை. ஆனால் வேலையைக் கேட்காத மருத்துவம் நம் ஆட்களுக்குப் பாதி மருத்துவம்தான். மாத்திரைக்கு வலி அடங்கவில்லை. மதியம் மறுபடி போனபோது பயிற்சி மருத்துவர் ஒரு பெண் இருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, நேத்து எதத் தொட்டீங்க?" வீல் கழுவுற ஆசிட் என்றான். "அந்த கேன் வேணும், போயி எடுத்துட்டு வாங்க" என்று என்னை அனுப்பினார்.

கடை பூட்டியிருந்தது. ஓனர் வீட்டுக்குப் போனேன். வாசலில் மூன்று கார்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து முடித்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். கேன் தர அவருக்கு மனமில்லை. "எல்லாக் கடையிலயும் இதான் யூஸ் பண்றாங்க தம்பி, இவனுக்கு மட்டும் எப்படி?" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்க ஆளுங்களுக்குத் தோல் கெட்டியாச்சே, இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. திட்டுகிற தொனியும் இல்லை. ஏதோ பாராட்டு போலத்தான் சொன்னார். இந்தச் சொல்லை நான் முதல் முறை கேட்கவில்லை, நீங்களும் கேட்டிருப்பீர்கள். செங்கல் சூளையில், தோல் கிடங்கில், பாதாளச் சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் சொல்லப்படுகிற அதே சொல். உங்களுக்குப் பழக்கம், உங்களுக்கு ஒன்றும் ஆகாது. சாதி ஒரு மனிதனின் வேலையை மட்டும் முடிவு செய்வதில்லை. அவன் தோலின் தடிமனையும் அதுவே முடிவு செய்து வைத்திருக்கிறது. ஆனால் ஃப்ளூரைடுக்குத் தெருப் பெயர் தெரியாது. காலனித் தோலையும் அக்ரகாரத் தோலையும் அது ஒரே வேகத்தில்தான் தாண்டும்.

கேனை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். எப்படி வாங்கினேன் என்பது வேறு கதை. லேபிளில் ஒரு சிவப்பு காரின் படம், பளபளப்பு உறுதி என்று ஒரு வரி, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்று ஒரு வரி. உள்ளே என்ன இருக்கிறது என்று எதுவும் இல்லை. அந்த மருத்துவர் முகர்ந்து பார்க்கவில்லை, தொடவில்லை. அலாய் வீலுக்கு அடிப்பது, எரியவில்லை, பல மணி நேரம் கழித்து நகத்தடியில் வலி. இந்த மூன்றை வைத்தே ஃப்ளூரைடு என்று முடிவு செய்தார். கால்சியம் குளுக்கோனேட் ஊசி மருந்தை எடுத்து, தண்ணீரில் கரையும் ஜெல்லியில் கலந்து, ஒரு புதிய கையுறைக்குள் ஊற்றி, அதற்குள் அவன் கையை நுழைத்துவிட்டார். அரை மணி நேரத்தில் அவன் அழுகை நின்றது. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தத்தில் கால்சியம் பார்த்தார்கள். இரண்டு நாள் வார்டில் இருந்தான். ஒரு விரலின் நகம் விழுந்துவிட்டது. அந்த விரலின் நுனியில் இப்போதும் முழு உணர்வு இல்லை. போன் திரையை அவன் நடுவிரலால்தான் தொடுகிறான்.

தோழர்களே, இந்தப் பகுதியை மட்டும் நண்பர்களுக்கு அனுப்பினாலும் போதும். வீல் ஆசிட், துரு எடுக்கிற மருந்து எதுவானாலும் தோலில் பட்டால் வலிக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே ஓடும் தண்ணீரில் நீண்ட நேரம் கழுவுங்கள். நனைந்த சட்டை, உறை, மோதிரம், கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கண்ணில் பட்டாலும் அதேதான். கழுவிய பிறகு 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது மருத்துவமனைக்குப் போங்கள். கேனையோ அதன் போட்டோவையோ கையோடு கொண்டு போங்கள். 'ஃப்ளூரைடாக இருக்கலாம்' என்ற வார்த்தையை நீங்களே மருத்துவரிடம் சொல்லுங்கள். கால்சியம் குளுக்கோனேட் அரிதான மருந்தல்ல. பிரசவ காலத்தில் வலிப்பு வராமல் தடுக்க மக்னீசியம் சல்பேட் போடுவார்கள், அது அளவு மீறினால் மாற்று மருந்து இதுதான். அதனால் பிரசவம் பார்க்கிற இடங்களில் இதை வைத்திருப்பார்கள். 10 சதவீத ஊசி மருந்து 25 மில்லியை 75 மில்லி ஜெல்லியில் கலந்தால், பாடப் புத்தகம் சொல்கிற 2.5 சதவீத ஜெல் வந்துவிடும். ஆனால் ஊசியாகப் போடுவதா, எங்கே போடுவது என்பதெல்லாம் மருத்துவர் வேலை. நாம் செய்ய வேண்டியது நினைவுபடுத்துவதுதான்.

இன்னொன்று. மருந்தைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கிற பழக்கத்தை நான் போன எல்லாக் கடையிலும் பார்த்தேன். வெயிலில் நின்று தாகத்தோடு வருகிற பையன் எந்த பாட்டிலையும் எடுப்பான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2001 முதல் 2013 வரையான தொழிலாளர் இழப்பீட்டு விண்ணப்பங்களைத் தேடிப் பார்த்தபோது, வாகனம் கழுவும் வேலையில் இந்த அமிலத்தால் காயம்பட்டவர்கள் 48 பேர் என்று தெரிந்தது. அந்த எண்ணைவிட, அதை எண்ண முடிந்தது என்பதுதான் எனக்கு உறைத்தது. அங்கே காயம்பட்டவன் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறான், அந்த விண்ணப்பம் ஒரு கோப்பில் இருந்திருக்கிறது. என் தம்பியின் விரல் எந்தக் கோப்பில் இருக்கிறது? டிஸ்சார்ஜ் சீட்டில் 'கெமிக்கல் பர்ன்' என்று இரண்டு வார்த்தை. அதுவும் நான் கேட்டு எழுத வைத்தது. மலக்குழி மரணங்களையும் ஒரு காலத்தில் இப்படித்தான் யாரும் எண்ணவில்லை. நம் இயக்கங்கள் ஊர் ஊராகப் போய்ப் பெயர் பெயராக எழுதி எடுத்துக் கொடுத்த பிறகுதான் 2014-இல் உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது, 2023-இல் அதை 30 லட்சமாக்கியது.

சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவர்கள் கேட்பீர்கள். 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-இன் தொழிற்சாலைகள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பிரிவு 2(கே)-யில் உற்பத்தி என்பதற்கான விளக்கத்திலேயே கழுவுவதும் சுத்தம் செய்வதும் வந்தது. போபாலுக்குப் பிறகு 1987-இல் சேர்த்த 41பி பிரிவு, ஆபத்தான ரசாயனம் என்றால் அதன் விவரத்தைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும் என்றது. படிக்க நன்றாக இருக்கும். ஆனால் மின்சாரம் பயன்படுத்துகிற இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்று அந்தச் சட்டம் வைத்திருந்தது. எந்த வாட்டர் சர்வீஸ் கடையில் பத்துப் பேர் இருக்கிறார்கள்? 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்தப் பத்தையும் இருபதாக உயர்த்திவிட்டது. வலையின் கண்ணைப் பெரிதாக்கினால் சின்ன மீன் எல்லாம் வெளியேதான்.

ஆசிட் விற்பனைக்கும் விதி உண்டு. ஆசிட் வீச்சுக்கு ஆளான லக்ஷ்மி தொடர்ந்த வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு: கடையில் பதிவேடு வேண்டும், வாங்குபவர் அடையாள அட்டை காட்ட வேண்டும், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. அந்தக் கேன் வாங்க ஓனர் எந்த ரிஜிஸ்டரிலும் கையெழுத்துப் போடவில்லை. கேனின் மேல் ஆசிட் என்ற வார்த்தையே இல்லாதபோது யார் பதிவேடு வைப்பார்கள்?

இழப்பீடு பற்றி ஒரு வார்த்தை. வேலையில் பட்ட காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923 முதலே இந்த நாட்டில் சட்டம். தம்பியின் ஓனர் ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு 2,000 ரூபாய் தர வந்தார். சித்தி வாங்கிவிடலாம் என்றார், வீட்டு நிலைமை அப்படி. கையெழுத்துப் போட வேண்டாம் என்று தடுத்தோம். இப்போது தொழிலாளர் துறையில் மனு இருக்கிறது. அதே மாதத்தில் அதே கடையில் நடந்த இன்னொரு விஷயத்தையும் தம்பிதான் சொன்னான். ஒரு கஸ்டமரின் பாலிஷ் போட்ட அலாய் வீல்களில் அதே மருந்தை அடித்து, கழுவுவதற்குள் வெயிலில் காய்ந்து, நான்கு வீலும் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டன. காய்ந்தால் இந்த மருந்து வீலைத் தின்னும். மேலே இருக்கும் கிளியர் கோட் மங்கிவிடும், கோட் இல்லாத அலுமினியம் என்றால் கறை நிரந்தரம். கஸ்டமர் கத்தினார். ஓனர் அன்றைக்கே கைகூப்பி மன்னிப்புக் கேட்டு, வீலுக்கு 3,500 வீதம் 14,000 ரூபாய் கொடுத்து புதிதாக பாலிஷ் போட்டுத் தந்தார். மனு எதுவும் தேவைப்படவில்லை.

இதைச் சொன்னால் கார் வைத்திருப்பவர்களுக்கும் காதில் விழும் என்பதால் வீலின் கதையையும் முடித்துவிடுகிறேன். காஸ்டிக் சோடா கலந்த மருந்து அலுமினியத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பி, மேல்பரப்பைக் கருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமியம் பூச்சையும் பைக் ஸ்போக்ஸையும் அரிக்கும். வழிந்து உள்ளே போனால் டிஸ்க்கும் போல்ட்டும் துருப்பிடிக்கும். இப்போதுதான் ஓடி வந்த சூடான வீலில் அடித்தால் நொடியில் ஆவியாகும், அந்த ஆவி குனிந்து உட்கார்ந்திருப்பவனின் நெஞ்சுக்குள் போகும். பிரஷர் கன்னால் அடிக்கும்போது தெறிக்கிற பனியும் அப்படியே. உங்கள் கார் கண்ணாடியில் எத்தனை துடைத்தாலும் போகாத மூட்டமான புள்ளிகள் இருந்தால், ஃப்ளூரைடு மருந்து தெறித்ததாக இருக்கலாம். கண்ணாடிக்கு அந்தக் கதி என்றால் கை என்ன ஆகும்?

வேறு வழி இல்லாமலும் இல்லை. இரும்புத் துகளை மட்டும் பிடித்து ஊதா நிறமாக மாறுகிற, பி.எச். நடுநிலையில் உள்ள மருந்துகள் வந்திருக்கின்றன. தயோகிளைகோலேட் என்ற பொருள்தான் அதில் வேலை செய்கிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், விலை கூடுதல், அதற்கும் கையுறை வேண்டும், சிலருக்குத் தோல் அரிக்கும். ஆனால் எலும்பு வரை போகாது. அதைவிட எளியது, வீலை ஆறவிட்டு சாதாரண ஷாம்பு போட்டுப் பொறுமையாகத் தேய்ப்பது. அதற்குக் கூலி கூட ஆகும். ஆகட்டும். பல லட்சம் கொடுத்து வாங்கின காருக்கு வீல் கழுவ நூறு ரூபாய் கூடக் கொடுக்க மாட்டேன் என்பவர் அழுக்கு வீலிலேயே ஊர்கோலம் போகட்டும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதும் ஒரு கேள்வி. நான் வேலை பார்த்த கடையின் பின்பக்கக் குழாய் ஓடைக்குப் போகும். ஓடை எங்கள் காலனி ஓரமாகத்தான் வரும், வேறெங்கே வரும்? குடிதண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு இருந்தால் பல்லும் எலும்பும் கெடும் என்பதைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அங்கே அது பாறையிலிருந்து வந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். இங்கே நாமே கேனில் வாங்கி மண்ணில் ஊற்றுகிறோம்.

எங்கள் ஊர் பைபாஸிலும் ஊருக்குள்ளுமாகப் பதினோரு கடைகள். இதுவரை நான்கு கடைகளுக்குப் போயிருக்கிறோம். சண்டை போடப் போகவில்லை. வேலை செய்யும் பையன்களோடு டீ குடிக்கிறோம், அவர்கள் சம்மதித்தால் கேனை நான்கு பக்கமும் போட்டோ எடுக்கிறோம். லேபிளில் கம்பெனியின் போன் நம்பர் இருந்தால் கூப்பிட்டு, பாதுகாப்புத் தகவல் தாள் அனுப்பச் சொல்கிறோம். எஸ்.டி.எஸ். என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். அதன் மூன்றாவது பகுதியில் உள்ளடக்கம் இருக்கும். 7664-39-3 என்ற எண் இருந்தால் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம், 1341-49-7 இருந்தால் அமோனியம் பைஃப்ளூரைடு. வேதியியல் படிக்கிற தோழர்கள் இந்த இரண்டு எண்ணையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு கடைகளில் ஐந்து கேன்கள் கிடைத்தன. இரண்டில் உள்ளடக்கம் எழுதியிருந்தது, மூன்றில் இல்லை. ஒரு கம்பெனி தாளை அனுப்பிவிட்டது, இன்னொன்று போனை எடுப்பதில்லை. பையன்களிடம் விரல், நகம், இருமல் பற்றியும் கேட்டு எழுதி வைக்கிறோம், பெயர் இல்லாமல். கூடவே, ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்ப்போருக்கும் இருக்கிற அமைப்புசாரா நல வாரியத்தில் கழுவுகிறவர்களையும் சேர்க்க முடியுமா என்று விசாரிக்கிறோம்.

மீதி ஏழு கடைகளுக்கு வருகிற இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் போகிறோம். காலை பத்து மணிக்கு முன்னால் போனால்தான் பையன்கள் பேசுவார்கள், அதற்குப் பிறகு வண்டி வரிசை கட்டிவிடும். வருகிறவர்கள் ஒரு நோட்டு கொண்டு வாருங்கள். கேனைத் திறக்காதீர்கள், வெறுங்கையால் தூக்காதீர்கள்.